மதுரையில் ஒரு வெல்வெட் இலைச் செடி: பிலோடென்ட்ரான் குளோரியோசம் வளர்ப்பது எப்படி?

கொலம்பியா மழைக்காட்டுச் செடி ஒன்றைச் சித்திரை வெயிலில் மதுரைக்கு வாங்கிவந்தேன். ஒன்றரை மாதத்தில் அழுகிப்போனது. வெயில்மேல் பழிபோட வழியில்லை, தண்டை நானே மண்ணுக்குள் புதைத்துவிட்டேன். இப்போது இருப்பது இரண்டாவது செடி.

பிலோடென்ட்ரான் குளோரியோசம், சேம்பும் சேனைக்கிழங்கும் சேர்ந்த குடும்பம். இதய வடிவ இலை, வெள்ளை நரம்புகள். ஆனால் மணிபிளான்ட் மாதிரி கம்பில் ஏறாது. தண்டு தரையோடு ஊர்ந்துபோகும், நுனியில் ஒவ்வோர் இலையாக விடும்.

அதனால் முதலில் தொட்டி. ஆழம் அரை அடி போதும், நீளம்தான் வேண்டும். அடியில் ஓட்டைகள் கட்டாயம். கலவைக்கு இரண்டு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), ஒரு பங்கு பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்), ஒரு பங்கு கரித்துண்டு, ஒரு கைப்பிடி மண்புழு உரம். கோகோபீட்டில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். வெறும் செம்மண் வேண்டாம், இறுகிவிடும்.

அடுத்து நடவு. தண்டின் பழைய முனை தொட்டியின் ஓரத்தில், வளரும் நுனி காலி இடத்தைப் பார்த்து. வேர் மட்டும் கலவைக்குள் போகட்டும், தண்டு மேலே படுத்திருக்கட்டும். உருண்டால் கம்பியை வளைத்துக் கொண்டை ஊசி மாதிரி குத்திவிடுங்கள்.

கிழக்கு ஜன்னல் பக்கம் வைக்கலாம், நேர்வெயில் படக்கூடாது. மேற்குச் சுவர் மாலை வரை அனலடிக்கும், அந்தப் பக்கமே வேண்டாம்.

தண்ணீருக்குக் கணக்கு விரல்தான். ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். என் வீட்டில் மே மாதம் நான்கு நாளுக்கு ஒருமுறை, ஐப்பசி மழையில் பத்து நாள்கூட ஆகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளை படியும், இலை நுனி கருகும். மொட்டைமாடி மழைநீரைப் பிடித்துவையுங்கள். ஆர்.ஓ. கழிவுநீர் இன்னும் மோசம், அதில் உப்பு கூடுதல்.

காற்றில் ஈரம் வேண்டுமே என்று இலைமேல் தெளிக்காதீர்கள், திட்டுத் திட்டாகக் கறை விழும். அகலமான மண்தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் மூழ்காத அளவு தண்ணீர் விட்டு, அதன்மேல் தொட்டியை வையுங்கள். ஏசி காற்று நேராக அடிக்கக்கூடாது. புது இலை விரியும்போது கையால் பிரித்துவிட ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள், கிழிந்துவிடும்.

என் அத்தை ஒருநாள் பாசமாகத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். அந்த வெல்வெட் தோற்றம் இலைத்தோலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு மேடுகளால் வருவது. எண்ணெய் பட்டதும் சாதாரண இலையாகிவிட்டது! தூசிக்கு மெல்லிய பெயின்ட் பிரஷ் போதும். கோடையில் இலையடியில் செஞ்சிலந்தி (சாறு உறிஞ்சும் பொடிப்பேன்) வந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

சாறு சேனை மாதிரியே அரிக்கும், குழந்தைகளுக்கும் பூனைக்கும் எட்டாமல் வையுங்கள். தண்டு தொட்டியின் மறுமுனையைத் தொட்டதும், கையுறை போட்டுக்கொண்டு, பின்பகுதியில் கணுவும் வேரும் இருக்கும்படி வெட்டித் தனியாக நடலாம். என்னுடையது தொட இன்னும் நான்கு விரற்கடை இருக்கிறது.