ஒரு பருந்துக்கு எத்தனை மூடை நெல்? குளக்கட்டில் நின்று உணவுச் சங்கிலி வரைவோம்

உணவுச் சங்கிலி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கும் அந்த ஒரே படம்தான்: புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. அதைப் பாடமாக்கிச் சோதனையில் வரைந்து புள்ளியும் எடுத்துவிடலாம். ஆனால் அந்த அம்புக்குறிகளுக்குள் என்ன ஓடுகிறது, எவ்வளவு ஓடுகிறது, வழியில் எங்கே ஒழுகிப் போகிறது என்பதெல்லாம் படத்தில் இல்லை. அதைப் பார்ப்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. வன்னியில் இருப்பவர்களுக்கு ஒரு குளமும் அதற்குக் கீழே கொஞ்ச வயலும் போதும்.

கையில் ஒரு கொப்பி, பென்சில், அழிறப்பர் இருக்கட்டும். கணக்குக்குக் கைபேசி உதவும்.

படி 1: இடத்தைத் தீர்மானியுங்கள்

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன், மன்னார்ப் பக்கம் என்றால் கட்டுக்கரை என்று பெரிய குளங்கள் நிறைய இருக்கின்றன. தொடங்குகிறவர்களுக்கு அவை வேண்டாம். அக்கரை சரியாகத் தெரியாத குளத்தில் எதைப் பார்த்து எதை எண்ணுவது? ஊருக்குள் இருக்கும் சின்னக் குளம் ஒன்றை எடுங்கள். குளம், குளக்கட்டு, கட்டுக்குக் கீழே இரண்டு மூன்று வயல் துண்டு. இவ்வளவுதான் உங்கள் சூழற்றொகுதி, அதாவது உயிர்களும் அவை வாழும் இடமும் சேர்ந்த தொகுதி.

சனவரி மாதம் இதற்கு நல்லது. மாரி மழையில் குளம் நிரம்பியிருக்கும், காலபோக நெல்லும் கதிரோடு நிற்கும். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போங்கள். யானை நடமாடும் ஊரில் இருட்டோடு குளக்கட்டில் நிற்பது புத்தியில்லை. முதலை உள்ள குளம் என்றால் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. வன்னியில் பிறந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

படி 2: பச்சையில் இருந்து தொடங்குங்கள்

குளத்துக்குப் போனதும் கண் பறவைகள் மீதுதான் போகும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் பச்சையாக இருப்பதை எல்லாம் எழுதுங்கள்: நெல், வரம்புப் புல், கோரை, தாமரை, அல்லி, கட்டில் நிற்கும் மருதமரம். ஒன்றைப் பலரும் விட்டுவிடுவார்கள்: குளத்துத் தண்ணீரின் அந்த மங்கல் பச்சை நிறம். ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீரை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தூசி மாதிரி மிதப்பவற்றில் பெரும்பங்கு அல்காக்களாக, அதாவது நுண்ணிய பாசிகளாக இருக்கும். குளத்து மீன்களில் பெரும்பாலானவற்றின் சாப்பாடு இதில் இருந்துதான் தொடங்குகிறது.

இவை எல்லாம் உற்பத்தியாளர்கள். சூரிய ஒளியைப் பிடித்து, காற்றில் உள்ள காபனீரொட்சைட்டையும் நீரையும் சேர்த்து வெல்லமாக்குகின்றன. இதுதான் ஒளித்தொகுப்பு. மேலே விழும் வெயிலில் இவை பிடிப்பது பெரும்பாலும் 100-ல் ஒரு பங்கு அளவுதான். வன்னி வெயிலில் நின்று பார்க்கும்போது நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் எலி முதல் யானை வரை எல்லாம் அந்த ஒரு பங்கில்தான் சீவிக்கின்றன.

படி 3: ஒரு சங்கிலியை வரையுங்கள், அம்பைச் சரியாகப் போடுங்கள்

இப்போது விலங்குகள். வயலுக்கு ஒன்று, குளத்துக்கு ஒன்று என்று இரண்டு சங்கிலி போதும்:

நெல் → எலி → சாரைப்பாம்பு → பருந்து

அல்கா → திலாப்பியா → விரால் → மீன்கழுகு

அம்பின் கூர் எப்போதும் தின்பவரின் பக்கம் இருக்க வேண்டும். "எலி நெல்லைத் தின்கிறது" என்று வாயால் சொல்லிக்கொண்டே வரைந்தால் கை தானாக எலியில் இருந்து நெல்லுக்கு அம்பு போட்டுவிடும். அம்பு காட்டுவது யார் யாரைப் பிடிக்கிறார் என்பதை அல்ல, சக்தி எந்தப் பக்கம் போகிறது என்பதை. நெல்லில் இருந்த சக்தி எலிக்குள் போகிறது. அவ்வளவுதான்.

படி 4: மட்டங்களுக்குப் பெயர் வையுங்கள்

சங்கிலியில் ஒவ்வொரு உயிரும் நிற்கும் படிதான் போசணை மட்டம். நெல்லும் அல்காவும் முதலாம் மட்டம். அவற்றைத் தின்னும் எலியும் திலாப்பியாவும் முதல் நுகரிகள், இரண்டாம் மட்டம். சாரையும் விராலும் மூன்று. பருந்தும் மீன்கழுகும் நான்கு. ஒரே விலங்கு இரண்டு மட்டத்தில் நிற்கலாம்; பருந்து எலியை நேரே தூக்கினால் அன்றைக்கு அது மூன்றாம் மட்டத்தில் நிற்கிறது.

படி 5: கணக்கைப் போடுங்கள்

இதுதான் முக்கியமான படி. அவசரப்பட வேண்டாம்.

சக்தியை கிலோகலோரியில் எடுப்போம். பிஸ்கற் பக்கெற்றில் போட்டிருக்கும் அதே அளவுதான். ஒரு கிலோ அரிசியில் ஏறத்தாழ 3,500 கிலோகலோரி இருக்கிறது. ஒரு மட்டத்தில் இருந்து அடுத்த மட்டத்துக்குச் சராசரியாக 10 வீதம்தான் போய்ச் சேரும் என்பது பொதுவாகப் பாவிக்கும் விதி.

வழக்கமாகக் கீழிருந்து மேலே கணக்குப் போடுவார்கள். நாங்கள் தலைகீழாக, பருந்தில் இருந்து இறங்கி வருவோம். பருந்துக்கு ஒரு நாளைக்கு 100 கிலோகலோரி இரை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுலபமான கணக்குக்காக நான் எடுத்த எண் இது. அது பாம்பை மட்டுமே தின்கிறது என்றால், 100 கிலோகலோரி பாம்புச் சதை உருவாக 1,000 கிலோகலோரி எலி வேண்டும். 1,000 கிலோகலோரி எலி உருவாக 10,000 கிலோகலோரி தானியம் வேண்டும். அரிசிக் கணக்கில் அது கிட்டத்தட்ட 3 கிலோ.

ஒரு நாளைக்கு 3 கிலோ என்றால் வருடத்துக்கு ஒரு தொன்னுக்கு மேல் அரிசி. நெல்லாகப் பார்த்தால் 1,500 கிலோவைத் தாண்டும், இருபது மூடைக்கு மேல். ஒரே ஒரு பருந்துக்கு! குளத்துக்கு மேலே ஒன்றோ இரண்டோ பருந்து வட்டமடிப்பதும், வரம்பெல்லாம் எலிப்பொந்தாக இருப்பதும் இதனால்தான். பருந்துகள் நூறு நூறாகப் பெருக வேண்டுமானால் அவற்றைத் தாங்க வயல் காணாது.

அதே பருந்து பாம்பை விட்டு எலியை நேரடியாகப் பிடித்தால்? 100 கிலோகலோரி எலிக்கு 1,000 கிலோகலோரி தானியம், அதாவது 300 கிராம் அரிசி. ஒரு கண்ணியைக் கழற்றியதும் செலவு பத்தில் ஒன்றாகிவிட்டது. நிஜத்தில் பருந்து தவளை, மீன், செத்தது கிடந்தது எல்லாம் தின்னும் என்பது வேறு கதை.

மிச்ச 90 வீதம் எங்கே போகிறது? துருசைத் திறந்துவிட்ட தண்ணீர் வாய்க்காலின் கடைசி வயலுக்குப் போய்ச் சேருவதற்குள் எவ்வளவு ஊறி, எவ்வளவு உடைத்துக்கொண்டு, எவ்வளவு ஆவியாகிப் போகிறது என்று கமக்காரரிடம் கேட்டால் சொல்லுவார்கள். இங்கேயும் ஒழுக்குக்கு மூன்று இடம் இருக்கிறது. முதலாவது, தின்னப்படாமல் விடுபடுவது: எலி கதிரை வெட்டும், வைக்கோலும் வேரும் அப்படியே கிடக்கும். இரண்டாவது, தின்றும் செரிக்காமல் வெளியே போவது. மூன்றாவது, மிகப் பெரியது, சுவாசம். ஓட, மூச்சுவிட, உடம்பைச் சூடாக வைத்திருக்க எரிக்கும் சக்தி எல்லாம் கடைசியில் வெப்பமாகக் காற்றில் கலக்கிறது. அந்த வெப்பத்தைத் திரும்பப் பிடித்து உணவாக்க எந்தச் செடியாலும் முடியாது. நைதரசன், பொசுபரசு போன்றவை மண்ணுக்குத் திரும்பிச் சுற்றிச் சுற்றி வரும். சக்திக்கு ஒரு வழிதான், திரும்பி வராது. சூரியன் தினமும் புதிதாகத் தந்துகொண்டே இருக்க வேண்டும்.

படி 6: 10 வீதத்தைக் கொஞ்சம் சந்தேகியுங்கள்

இந்த எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம். எலி சூட்டு இரத்தப் பிராணி. தன் உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செரித்ததில் பெரும்பகுதியை எரித்துவிடும். சதையாகச் சேருவது ஒரு சில வீதம்தான். பாம்புக்கு அந்தச் செலவு இல்லை. வெயிலில் கிடந்து ஓசியாகச் சூடேற்றிக்கொள்ளும், ஒரு எலியை விழுங்கிவிட்டு நாள்கணக்கில் சுருண்டு கிடக்கும். அதனால் பாம்பின் சேமிப்பு வீதம் எலியை விடப் பல மடங்கு கூட.

சக்தியை மட்டம் மட்டமாகக் கணக்குப் பார்க்கும் இந்தச் சிந்தனையை முறையாகத் தொடக்கிவைத்தவர் றேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்க இளைஞர். மினசோட்டாவில் ஒரு சின்னச் சதுப்பு ஏரியை வைத்துத்தான் அவரும் கணக்குப் பார்த்தார். அவருடைய கட்டுரை முதலில் நிராகரிக்கப்பட்டு, பிறகு 1942-ல் வெளிவந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே 26 வயதில் அவர் இறந்துவிட்டார்.

அதன் பிறகு ஹவார்ட் ஓடம் என்பவர் புளோரிடாவில் உள்ள சில்வர் ஸ்பிரிங்ஸ் நீரூற்றை அளந்து 1957-ல் வெளியிட்ட எண்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு வருடத்தில், தாவரங்கள் தங்கள் சுவாசச் செலவு போகச் சேர்த்தது 8,833 கிலோகலோரி. தாவர உண்ணிகள் சேர்த்தது 1,478. அவற்றைத் தின்பவை 67. உச்சியில் இருப்பவை 6. வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 17 வீதம், 4.5 வீதம், 9 வீதம். 10 என்று ஒன்றுமே சரியாக வரவில்லை. ஆனாலும் எண்ணாயிரத்துச் சொச்சத்தில் தொடங்கியது மூன்றே தாவலில் ஆறுக்கு வந்துவிட்டது. நான்கு ஐந்து கண்ணிக்கு மேல் சங்கிலி நீளாததற்குக் காரணம் இதுதான். நீங்கள் வரைந்த சங்கிலியில் ஏழு எட்டுக் கண்ணி இருந்தால் எங்கேயோ பிழை, திரும்பிப் பாருங்கள்.

படி 7: செத்ததையும் சாணத்தையும் விட்டுவிடாதீர்கள்

தின்னப்படாத வைக்கோல், உதிர்ந்த சருகு, சாணம் எல்லாம் கிடக்கின்றனவே, அவற்றில் உள்ள சக்தி? அதற்குத் தனிச் சங்கிலி இருக்கிறது, புத்தகப் படங்களில் அதற்கு ஒரு மூலைதான் கிடைக்கும். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. காட்டில் மரங்கள் சேர்க்கும் சக்தியில் மிகப் பெரிய பங்கு இலை தின்னிகளுக்குப் போவதில்லை, சருகாகி இந்தப் பாதையில்தான் போகிறது.

குளக்கட்டில் காய்ந்துபோன யானை இலத்தி ஒன்று கிடந்தால் தடியால் உடைத்துப் பாருங்கள். உள்ளே நார் நாராகப் புல் அப்படியே இருக்கும், விளாம்பழ விதையும் இருக்கலாம். யானை தின்பதில் பாதிகூடச் செரிப்பதில்லை. அடிப்பக்கத்தைப் புரட்டினால் கறையான் மண்பூச்சுப் பூசி வேலையைத் தொடங்கியிருக்கும், சாணி வண்டு துளைத்த ஓட்டை தெரியும். கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாவும் பங்கசும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இந்தப் பற்றீரியாவையும் பங்கசையும்தான் பிரிகையாக்கிகள் என்கிறோம்.

இந்தச் சங்கிலி மண்ணுக்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை. வன்னிக் காட்டுக் கரடி புற்றைக் கிண்டிக் கறையானை உறிஞ்சும். பிறகு முதல் மழை பெய்த அன்று பின்னேரம் வீட்டு விளக்கைப் பாருங்கள். புற்றில் இருந்து ஈசல் கிளம்பி வந்து மொய்க்கும், சுவரில் பல்லி, கீழே தேரை, மறுநாள் காலை முற்றத்தில் கோழி. மாதக்கணக்காகச் சருகில் இருந்து நிலத்துக்குள் சேர்த்த சக்தி ஒரே இரவில் வெளியே வந்து பத்துப் பேரின் வயிற்றுக்குள் போகிறது. கொப்பியில் இதையும் வரையுங்கள்:

சருகு → கறையான் → தேரை → சாரைப்பாம்பு

பார்த்தீர்களா, சாரை மறுபடியும் வந்துவிட்டது. இரண்டு சங்கிலியிலும் உள்ள சாரையை ஒரே சாரையாக்கிக் கோட்டை இணையுங்கள். இணைக்க இணைக்க அது உணவு வலையாகிவிடும்.

படி 8: உங்களையும் வலைக்குள் போடுங்கள்

மத்தியானம் சோறு சாப்பிட்டால் நீங்கள் இரண்டாம் மட்டம். திலாப்பியாக் குழம்பு என்றால் மூன்று. விரால் என்றால் நான்கு, மீன்கழுகுக்குச் சமம்.

திலாப்பியா இலங்கைக்கு 1952-ல் கொண்டுவரப்பட்ட மீன். இன்று நம் குளத்து மீன்பிடியை அதுதான் தாங்குகிறது. சங்கிலியின் அடியிலேயே, அல்காவையும் அழுகிய பொருளையும் தின்று வாழ்வது அதற்கு ஒரு முக்கிய காரணம். விரால் மற்ற மீனைத் தின்று வளர்வது. ஒரே குளம் அவ்வளவு விராலைத் தர முடியாது. சந்தையில் விராலின் விலை ஏன் எப்போதும் மேலே நிற்கிறது என்பதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது, மீதி ருசி.

கடைசியாக ஒரு பயிற்சி. ஓகஸ்ட் மாதம் குளம் வற்றிக் குட்டையாகும்போது அதே கொப்பியோடு திரும்பப் போங்கள். ஒதுங்கிய மீனுக்கு நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் கூட்டமாக இறங்கியிருக்கும். மேல் மட்டம் கீழ் மட்டத்தை விடப் பெரிதாகத் தெரியும், கணக்கே பிழைத்த மாதிரி இருக்கும். பிழைக்கவில்லை. அந்த மீன் பல மாத வெயிலின் சேமிப்பு. அந்தப் பறவைகள் பல குளங்களில் மேய்ந்து வந்தவை, நாளைக்கு வேறு குளத்தில் நிற்கும். அவை பறந்துபோகும் பக்கம் ஒரு அம்பு போடுங்கள். மழைக்கு மாட்டுச் சாணம் கரைந்து குளத்துக்குள் வருகிறதே, அதற்கு உள்நோக்கி இன்னொன்று.