பழைய லென்ஸ் வாங்கப் போகும்போது டார்ச் கையில் இருக்கட்டும்

பழைய லென்ஸ் ஒன்று வாங்கலாமா என்று யாராவது கேட்டால், எந்தக் கேமரா வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். சல்லிசாகக் கிடைக்கும் நல்ல லென்ஸ்கள் பலவும், அவற்றுக்கான கேமராக்கள் வருவது நின்றுபோனதால் விலை இறங்கியவை. கேனன் 1987-இல் ஈஎஃப் மவுன்ட்டுக்கு (மவுன்ட் என்பது லென்ஸைக் கேமராவில் மாட்டும் அமைப்பு) மாறியது. அதுவரை வந்த எஃப்டி லென்ஸ்களைப் புதிய கேமராக்களில் மாட்ட வழியில்லாமல் போயிற்று. மினோல்டா 1985-இல் ஆட்டோஃபோகஸுக்குப் போனபோது அதன் எம்டி லென்ஸ்களுக்கும் அதே கதி. கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை, மாட்டத்தான் கேமரா இல்லை. இன்று மிரர்லெஸ், அதாவது உள்ளே மிரர் இல்லாத டிஜிட்டல் கேமரா, வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய லாபம்.

காரணம் ஒரு எளிய அளவு. லென்ஸ் வந்து உட்காரும் வளையத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை எவ்வளவு தூரம் என்பது மவுன்ட்டுக்கு மவுன்ட் மாறும். நிக்கான் எஃப் 46.5 மி.மீ., திருகி மாட்டும் எம்42-வும் பென்டாக்ஸ் கே-யும் சுமார் 45.5, கேனன் ஈஎஃப் 44, மினோல்டா எம்டி 43.5, கேனன் எஃப்டி 42. மிரர்லெஸ்ஸில் நடுவில் மிரர் இல்லாததால் இது வெகுவாகக் குறையும்: சோனி ஈ 18, ஃபுஜி எக்ஸ் 17.7, நிக்கான் இசட் 16. மிச்சமிருக்கும் இடத்தை ஒரு வெற்றுக் குழாய் அடாப்டர் நிரப்பிவிடும். அதனால் பழைய எஸ்எல்ஆர் (மிரர் உள்ள ஃபிலிம் கேமரா) லென்ஸ் ஏறக்குறைய எதுவானாலும் மிரர்லெஸ்ஸில் உட்காரும், தொலைதூரமும் ஃபோகஸ் ஆகும்.

மிரர் உள்ள டிஜிட்டல் கேமராவான டிஎஸ்எல்ஆர் என்றால் கணக்கு இறுக்கமாகிவிடும். கேனன் ஈஎஃப் கேமரா உடலில் எம்42-வும் நிக்கானும் அடாப்டரோடு சரியாக வரும். எஃப்டி-யின் தூரம் ஈஎஃப்-ஐவிடக் குறைவு என்பதால் அது வராது, நடுவில் கூடுதல் லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் தேவைப்படும், அது படத்தின் தெளிவைக் கெடுக்கும். அந்த வழியில் போகவே வேண்டாம். நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் நிக்கான் லென்ஸோடு நிற்பது நல்லது. அதிலும் டி3000, டி5000 வரிசை உடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தனக்கென மோட்டார் இல்லாத 50 மி.மீ. எஃப்/1.8டி போன்ற லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

ஃபிலிம் கேமரா என்றால் அதன் சொந்த மவுன்ட் மட்டும்தான். அதோடு லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் (ஒளி புகும் துளையைக் கூட்டிக் குறைப்பது) இருக்கிறதா என்று பாருங்கள். நிக்கானின் ஜி வகை லென்ஸ்களில் அந்த வளையம் இல்லை. பழைய கையியக்க உடலில் அவற்றை மாட்டினால் மிகச் சிறிய துளையிலேயே படம் விழும்.

சரி, எதை வாங்குவது? முதல் லென்ஸ் 50 மி.மீ. அந்தக் காலத்தில் ஃபிலிம் எஸ்எல்ஆர் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் கையில் கூடவே வந்தது அதுதான். அதனால் இன்னும் ஏராளமாகப் புழங்குகிறது. எஃப்/1.7, 1.8, 2 என்று எதுவானாலும் போதும் (இந்த எண் சிறிதானால் துளை பெரிது). எஃப்/1.4-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் எனக்கு நியாயமாகப் படவில்லை. எஃப்/4-க்கு மூடிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கடினம். என்னிடம் இருப்பது பென்டாக்ஸ்-எம் 50 மி.மீ. எஃப்/1.7. கே1000-இல் ஃபிலிம் ஏற்றும்போதும் அதுதான், மிரர்லெஸ்ஸிலும் அதுதான். வளையத்தின் விளிம்பில் கறுப்புப் பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரிகிறது, முன்பு வைத்திருந்தவர் குழலில் தன் இனிஷியலைக் கீறி வைத்திருக்கிறார். விலை இறங்கியதே அதனால்தான். உள்ளே கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. வெளியே அடிபட்டு உள்ளே சுத்தமாக இருக்கும் இந்த மாதிரி லென்ஸைத்தான் நான் எப்போதும் தேடுவேன்.

அடுத்தது 135 மி.மீ. எஃப்/2.8-ஐ எல்லாரும் துரத்துவார்கள், எஃப்/3.5 இன்னும் சிறியது, இன்னும் மலிவு. முகங்களை எடுக்க அதைவிடப் பிடித்தது எனக்கு வேறில்லை. அகன்ற கோணத்துக்கு மட்டும் பழையதை நாடாதீர்கள். ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறியதான ஏபிஎஸ்-சி சென்சாரில் 28 மி.மீ. லென்ஸும் 42 மி.மீ. போலத்தான் தெரியும். அதற்கு, கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவதே மேல். பழைய மலிவு ஜூம்களும் வேண்டாம். வெளிச்சம் எதிரில் இருந்தால் படம் வெளிறிப்போகும்.

இப்போது டார்ச். போன் டார்ச்சே போதும். இரண்டு மூடிகளையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்துவிடுங்கள். ஒளியைப் பின்பக்கத்திலிருந்து சற்றுச் சாய்வாக அடித்து, லென்ஸை மெல்லத் திருப்பிக்கொண்டே முன்பக்கம் வழியாகப் பாருங்கள். அப்புறம் பக்கத்தை மாற்றிப் பாருங்கள். தூசி தெரியும். தூசி இல்லாத பழைய லென்ஸ் கிடையாது, விட்டுவிடலாம். விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சிலந்தி வலை மாதிரி கிளைவிட்டு ஓடும் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்தாற்போல் இருந்தால் மங்கல். படத்தின் கான்ட்ராஸ்ட் போய்விடும். ஓரத்தில் வானவில் நிறத் திட்டுகள் தெரிந்தால், ஒட்டிய இரண்டு கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். இந்த மூன்றில் எது இருந்தாலும் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பூஞ்சையைத் துடைத்து எடுக்கலாம், ஆனால் அது மேற்பூச்சை அரித்த தடம் போகாது. சுத்தம் செய்யக் கொடுக்கும் கூலியும் பல சமயம் லென்ஸின் விலையைத் தாண்டிவிடும். முன் கண்ணாடியில் மெல்லிய கீறல் இருந்தால் பாதகமில்லை. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் வேண்டாம்.

மஞ்சள் நிறம் வேறு விஷயம். சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4 போன்ற சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, வயதானால் மஞ்சளாகும். புறஊதா விளக்கின் கீழ் தொடர்ந்து வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும். அந்தக் கண்ணாடியை உரசவோ தேய்க்கவோ மட்டும் கூடாது, இலேசான கதிரியக்கம் கொண்டது.

பிறகு அப்பர்ச்சர் வளையத்தைச் சிறிய துளைக்குத் திருப்பிவிட்டு, பின்பக்கத்தில் இருக்கும் சிறு நெம்புகோலை, எம்42 என்றால் ஊசியை, விரலால் தட்டிவிடுங்கள். அப்பர்ச்சர் இதழ்கள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். இதழில் எண்ணெய் மினுக்கி, மூடுவது மந்தமாக இருந்தால் ஃபிலிம்காரர்கள் வாங்க வேண்டாம். ஷட்டர் திறப்பதற்குள் இதழ்கள் மூடியாக வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் ஒளி கூடிவிடும். அடாப்டரில் மாட்டுபவர்கள் துளையை முன்கூட்டியே வைத்துக்கொள்வதால், விலை உண்மையிலேயே குறைவாக இருந்தால் யோசிக்கலாம்.

ஃபோகஸ் வளையம் வழுவழுவென்று, சின்ன இறுக்கத்தோடு திரும்ப வேண்டும். நரநரவென்றால் உள்ளே மணல். ஃபில்டர் மாட்டும் விளிம்பு நெளிந்திருந்தால் கீழே விழுந்தது என்று பொருள். அப்படி விழுந்த லென்ஸுக்குக் கட்டாயம் ஒரு சோதனைப் படம் எடுங்கள். தூரத்தில் நிறைய ஜன்னல்கள் உள்ள கட்டடத்தை எஃப்/8-இல் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் குழம்பியிருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. ஃபிலிம்காரர்கள் இதற்காகவே மிரர்லெஸ் வைத்திருக்கும் நண்பரைக் கூட்டிப் போகலாம்.

இணையத்தில் வாங்கினால், வெளிச்சத்தை உள்ளே அடித்து எடுத்த படம் கேளுங்கள். “சோதித்துப் பார்க்கவில்லை” என்று விற்பவர் சொன்னால், கெட்டுப்போனது என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அதன் தோல் உறையை முதலில் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு லென்ஸை வையுங்கள். மிரர்லெஸ்ஸில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கலாம்’ என்ற அமைப்பைப் போடாவிட்டால் பல கேமராக்கள் படமே எடுக்காது. உடலுக்குள் அதிர்வுத் தடுப்பு இருந்தால், மாட்டிய லென்ஸின் மி.மீ. எண்ணையும் மெனுவில் நீங்களே போட வேண்டும். 50-ஐக் கழற்றி 135-ஐ மாட்டும்போது அந்த எண்ணையும் சேர்த்து மாற்றுங்கள்.