ஓஓபி படிக்க ஒரு பஸ் டிக்கெட் புரோகிராம் காணும்

கொழும்பில கம்பஸோ டிப்ளோமாவோ, எங்க ஓஓபி (ஒப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்) படிச்சாலும் முதல் கிழமையே அதின்ர நாலு அடிப்படைக் கருத்தும் வந்திரும், என்கெப்சுலேஷன், இன்ஹெரிட்டன்ஸ், பொலிமோர்பிசம், அப்ஸ்ட்ராக்ஷன், பிறகு நாய், பூனை எண்டு ரெண்டு கிளாஸ் (தரவையும் அதுக்குரிய பங்ஷனையும் ஒண்டாச் சேத்து வைக்கிற அச்சு) எழுதி குரைக்க வைச்சு முடிச்சிருவினம். எக்ஸாமுக்குக் காணும். வேலைக்குப் போனா, ஏற்கனவே ஓடுற கோடை மாத்தச் சொல்லித்தான் கேப்பினம், அப்ப எத்தனை இடத்தில கை வைக்க வேண்டி வருது எண்டதிலதான் டிசைன் நல்லதோ கூடாதோ எண்டு தெரியும்.

அதால இப்பிடித் தொடங்குங்கோ. ஜாவாவோ பைதனோ தெரிஞ்சதை எடுத்து, பஸ் டிக்கெட் காசு கணக்குப் போடுற சின்னப் புரோகிராம் ஒண்டு எழுதுங்கோ, கிளாஸ் ஒண்டும் வேண்டாம், வெறும் பங்ஷன். வெள்ளவத்தையில ஏறி புறக்கோட்டையில இறங்கினா எவ்வளவு எண்டு சரியா வரட்டும். பிறகு நீங்களே கஸ்டமர் மாதிரி கரைச்சல் குடுங்கோ: ஏசி பஸ்ஸுக்கு ரெண்டு மடங்கு, சின்னப் பிள்ளைக்கு அரை டிக்கெட், இபோச (அரச) பஸ்ஸில சீசன் (முன்கூட்டியே காசு கட்டி எடுக்கிற பாஸ்) காட்டினா காசில்லை, ஆனா பிரைவேட் பஸ்ஸில சீசன் செல்லாது. இஃப் எல்ஸ் நீண்டு நீண்டு ஸ்கிரீனுக்கு வெளியால போகேக்க கிளாஸ் ஏன் வேணும் எண்டு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்ல.

இப்ப கனபேர் விழுற கிடங்கு. பஸ் எண்டு ஒரு கிளாஸ், அதை எக்ஸ்டெண்ட் பண்ணி (அதில இருக்கிறதெல்லாம் வர, அதுக்கு மேல சேத்து எழுதிறது, இதுதான் இன்ஹெரிட்டன்ஸ்) ஏசிபஸ், இன்னொண்டு இபோசபஸ். சரி, இபோச ஏசி பஸ் எதில இருந்து வரும்? ஜாவாவில ரெண்டு கிளாஸை எக்ஸ்டெண்ட் பண்ண விடாது, பைதன் விடும், விட்டாலும் தலையிடிதான். ஹைவே பஸ்ஸும் வந்தா கிளாஸ் பெருகிக்கொண்டே போகும். இன்ஹெரிட்டன்ஸை விட்டிட்டு பஸ்ஸுக்குள்ள கட்டணவிதி எண்டு தனி ஒப்ஜெக்ட் ஒண்டை வையுங்கோ. பஸ் தூரத்தைக் குடுத்து காசைக் கேக்கும், விதி உள்ளுக்க என்ன செய்யுது எண்டு பஸ்ஸுக்குத் தெரியத் தேவையில்ல. ஏசி எண்டா வேற விதியைப் போட்டு விடுறது, அவ்வளவுதான். 1994ல நாலு பேர் சேந்து தொகுத்த 23 டிசைன் பாட்டர்னில (அடிக்கடி வாற டிசைன் பிரச்சினைக்கு பழகின தீர்வுகள்) இதுக்குப் பேர் ஸ்ட்ராட்டஜி. மிச்சம் 22ஐயும் இப்ப பாடமாக்க வெளிக்கிடாதேங்கோ, தேவை வரேக்க பாக்கலாம்.

டீசல் விலை மாறினா பஸ் கட்டணமும் மாறும், அது எங்கட ஊரில புதினமில்லை. அப்ப மாறப்போறது எது எண்டு முன்னமே தெரியுதெல்லோ, அதை ஒரு மொடியூலுக்குள்ள (கோடின்ர தனிப் பகுதி) ஒளிச்சு வைக்கச் சொல்லி கணினி விஞ்ஞானி டேவிட் பார்னாஸ் 1972லயே எழுதிப் போட்டார். எல்லாத்தையும் பிரைவேட் (வெளியால தொடேலாத மாதிரி) ஆக்கிப்போட்டு ஒவ்வொண்டுக்கும் கெட்டரும் செட்டரும் (வெளியால இருந்து வாசிக்க, மாத்த விடுற பங்ஷன்) எழுதிறது ஒளிக்கிறதில்ல, கதவைப் பூட்டிட்டு திறப்பைக் கதவிலயே தொங்க விடுற வேலை.

சீசனிலயும் ஒரு பாடம் இருக்கு. டிக்கெட்டை எக்ஸ்டெண்ட் பண்ணி சீசன்டிக்கெட் எழுதி, காசுவாங்கு எண்ட மெதட்டில (கிளாஸுக்குள்ள இருக்கிற பங்ஷன்) எக்செப்ஷன் (பிழை எண்டு நிப்பாட்டிற அறிவிப்பு) எறிஞ்சீங்களெண்டா, டிக்கெட்டை நம்பி எழுதின மற்றக் கோட் எல்லாம் விழும். பேரன்ட் இருக்கிற இடத்தில சைல்டை வைச்சாலும் புரோகிராம் குழம்பக்கூடாது, இதை 1987ல கணினி விஞ்ஞானி பார்பரா லிஸ்கோவ் ஒரு உரையில சொன்னதாலதான் அவரிட பேர் இதுக்கு ஒட்டிக்கொண்டுது. சீசனுக்குக் காசு பூச்சியம் எண்டு திருப்பிக் குடுத்தாலே பிரச்சினை முடிஞ்சுது.

கடைசியா, கூடப் படிக்கிற ஆரையும் கூப்பிட்டு புதுசா ஒரு மாற்றம் கேக்கச் சொல்லுங்கோ, உதாரணத்துக்கு ராவில வேற கட்டணம். செய்து முடிச்சாப் பிறகு கிட்டில (கோட் மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கருவி) டிஃப் போட்டு, என்ன மாறியிருக்கு எண்டு பாருங்கோ. ஒரு புது பைலும் அதை இணைக்கிற ஒரு வரியும் எண்டா வடிவான டிசைன், பஸ், டிக்கெட், பிரயாணி எண்டு எல்லா பைலும் மாறிக் கிடந்தா திரும்ப ரீபெக்டர் பண்ணுங்கோ (செய்யிற வேலை மாறாம கோடை ஒழுங்காக்கிறது).