வைஃபை ஹார்டு டிஸ்க்கில் பேக்கப்: வீடுகளில் நேரும் தவறுகள்

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும், பின் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்ததால், இங்குள்ள பல குடும்பங்களில் மலையாளத்தில் எழுதப்பட்ட நிலப் பத்திரங்கள் இன்றும் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. தாள் உதிரத் தொடங்கியதும் அவற்றை ஸ்கேன் செய்து கணினியில் சேர்க்கிறார்கள். அதே கணினியில்தான் வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளைகளின் பாஸ்போர்ட் நகலும், வங்கி விவரங்களும், கல்யாணப் படங்களும் இருக்கின்றன. கணினி பழுதானால் எல்லாம் போய்விடுமே என்று அஞ்சி, ரவுட்டருக்குப் பக்கத்தில் வைஃபை வழியாக இயங்கும் ஒரு ஹார்டு டிஸ்க்கை வைத்து, அதில் தானாகவே பேக்கப் ஆகும்படி அமைத்துவிடுகிறார்கள். இது நல்ல வழக்கம். ஆனால் குடும்பத்தின் அந்தரங்கம் முழுவதும் ஒரே பெட்டியில் சேர்ந்துவிட்டது என்பதை அதன் பிறகு யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

தவறுகளில் ஆகப் பெரியது, அந்தப் பெட்டி இரவும் பகலும் கணினிக்கு எட்டும் தொலைவில் இருப்பதுதான். ரேன்சம்வேர் என்னும் தீநிரல் ஒரு கணினிக்குள் புகுந்தால், அந்தக் கணினியால் எழுத முடிகிற எல்லா இடங்களிலும் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். வைஃபை ஹார்டு டிஸ்க்கின் பாஸ்வேர்டைக் கணினியிலேயே சேமித்து, அதை ஒரு டிரைவ் எழுத்தாக நிரந்தரமாக இணைத்து வைத்திருந்தால், மூலமும் நகலும் ஒரே நாளில் பூட்டப்படும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை, கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, மனிதர் கை படாமலே கணினிக்குக் கணினி தாவியது. பழைய வைஃபை டிஸ்க்குகள் சில இன்றும் அந்த முதல் பதிப்பில்தான் பேசுகின்றன. அதற்காகவே அந்தப் பழைய பதிப்பைக் கணினியில் மீண்டும் இயக்கிவிடுபவர்களும் உண்டு. அப்படிச் செய்வதைவிட டிஸ்க்கை மாற்றுவது நல்லது. பேக்கப் மென்பொருளுக்கு மட்டும் தனிப் பயனர் கணக்கு ஒன்றை டிஸ்க்கில் உருவாக்கி, அன்றாடப் பயன்பாட்டுக் கணக்குக்கு அங்கே எழுதும் உரிமை இல்லாமல் செய்ய வேண்டும். இவையெல்லாவற்றையும் விட உறுதியான காவல், சாதாரண யூஎஸ்பி டிஸ்க் ஒன்றை வாரத்துக்கு ஒருமுறை செருகி, நகலெடுத்து, உடனே கழற்றி அலமாரியில் வைப்பதுதான். கம்பியும் அலையும் தொடாத டிஸ்க்கை எந்தத் தீநிரலும் தொட முடியாது.

அடுத்தது, வெளியூரிலிருந்தும் கோப்புகளைப் பார்க்கலாம் என்ற வசதிக்காக அந்தப் பெட்டியை இணையத்துக்குத் திறந்துவிடுவது. துபாயிலிருக்கும் மகன் குடும்பப் படங்களைப் பார்க்க ஆசைப்படுவது இயல்பே. ஆனால் அவனுக்குத் திறந்த வாசல் உலகுக்கே திறந்திருக்கிறது. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் சாதனங்கள் பல, தொலைவிலிருந்து வந்த கட்டளையால் முழுவதுமாக அழிக்கப்பட்டன. அவற்றுக்குக் கடைசி ஃபர்ம்வேர், அதாவது சாதனத்தை இயக்கும் உள் மென்பொருள், 2015இல் வெளிவந்திருந்தது. சாதனத்தைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் கட்டளைக்குப் பாஸ்வேர்டு கேட்க வேண்டிய நிரல் வரிகள் செயலற்றுக் கிடந்தன. பயனர்கள் அன்று எந்தத் தவறான பொத்தானையும் அழுத்தவில்லை என்பதுதான் இதில் நெஞ்சைச் சுடுவது. ஆகவே ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்புக்கான வாசல்) திறப்பதையும், யூபிஎன்பி என்னும் தானியங்கித் திறப்பையும் நிறுத்தி வையுங்கள். படங்களைப் பகிர வேறு வழிகள் உண்டு. தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் தருவதை நிறுத்திய சாதனத்தை இணையத்தோடு இணைக்கவே கூடாது.

வைஃபை பாஸ்வேர்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றலாம். ஆனால் டிஎன் 74 அல்லது டிஎன் 75 என்று தொடங்கும் வண்டி எண்ணையே பாஸ்வேர்டாக வைத்த வீடுகளை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அந்த எண் வாசலிலேயே நிற்கிறது. பாஸ்வேர்டு தட்டாமலே பொத்தானாலோ பின் எண்ணாலோ வைஃபையில் இணைய உதவும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்துவிட வேண்டும். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை இரு பாதிகளாகச் சோதிப்பதாலும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதாலும், 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011 டிசம்பரிலேயே வெளிப்பட்டது. அண்டை வீட்டுப் பிள்ளைகள் படிக்கக் கேட்டால் மறுக்க வேண்டாம். விருந்தினர் நெட்வொர்க்கைத் தனியாக இயக்கி அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். தானே வைஃபை உமிழும் கையடக்க டிஸ்க்குகளில் தொழிற்சாலை பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். சீகேட்டின் வயர்லெஸ் டிஸ்க்குகள் சிலவற்றில், தொலைவிலிருந்து கட்டளையிட உதவும், பயனர் அறியாத டெல்நெட் நுழைவாயில் ஒன்று மாற்றப்படாத பாஸ்வேர்டுடன் இருந்தது 2015இல் தெரியவந்து, புதிய ஃபர்ம்வேர் வந்தபின் அடைபட்டது.

மறையாக்கம் என்பது பாஸ்வேர்டு இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றுவது. வைஃபை மறையாக்கம் காற்றில் செல்லும் தரவை மட்டுமே காக்கும், டிஸ்க்கில் இறங்கியதைக் காக்காது. இது பலருக்கும் புரியாத இடம். திருடு போனாலும், பழுதுபார்க்கக் கடையில் கொடுத்தாலும், பழைய சாமானோடு விற்றாலும், மறையாக்கம் இல்லாத டிஸ்க்கை எவரும் இன்னொரு கணினியில் செருகிப் படித்துவிடலாம். ஆப்பிளின் டைம் மெஷினில் பேக்கப் அமைக்கும்போதே மறையாக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி தானாக மறையாக்கம் செய்வதில்லை. அங்கே வெராகிரிப்ட் போன்ற இலவச மென்பொருள் உதவும். பாஸ்வேர்டு மறந்தால் தரவு திரும்பாது. அதனால் அதைத் தாளில் எழுதி, மூலப் பத்திரங்களோடு வையுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே ஒரு கோப்பாக வைக்காதீர்கள்.

இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. ஐப்பசி இடியில் ரவுட்டர் கருகும்போது பக்கத்திலிருக்கும் டிஸ்க்கும் சேர்ந்து போகலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் மின்கம்பங்களைச் சாய்த்து, ஊர்களை நாள்கணக்கில் இருளில் தள்ளியது. நாகர்கோவிலில் இருப்பவர் இரண்டாவது டிஸ்க்கை, மறையாக்கம் செய்தபின், தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள உறவினர் வீட்டில் வைக்கலாம்.

பேக்கப் பச்சை விளக்கு காட்டுவதை மட்டும் நம்பி, ஒருநாளும் மீட்டுப் பார்க்காமல் இருப்பதும் தவறே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறொரு கணினியில் அந்த டிஸ்க்கைத் திறந்து, பத்து கோப்புகளையாவது மீட்டுப் படித்துப் பாருங்கள். பழைய பத்திரத்தின் கடைசிப் பக்கம், சர்வே எண் உள்ள வரி வரை தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால், மூலத்தாள் கையில் இருக்கும்போதே மறுபடியும் ஸ்கேன் செய்துவிடலாம்.