கர்ப்பத்தில் பிரஷர் வந்தவர்கள் பிரசவத்துக்கு அப்புறம் செய்ய வேண்டியது

கர்ப்பத்தின்போது பிரஷர் ஏறியதா, யூரினில் புரதம் போனதா, டாப்ளர் ஸ்கேனில் குழந்தைக்கு ரத்த ஓட்டம் பத்தவில்லை என்றார்களா, 37 வாரத்துக்கு முன்பே பிரசவமாகிவிட்டதா? இதில் எது நடந்திருந்தாலும் முதல் வேலையாக டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து, பல வருஷம் கழித்துத் தேடினாலும் கிடைக்கிற மாதிரி வையுங்கள். அந்தத் தாள் பிற்காலத்தில் உங்கள் இதயத்துக்குத் தேவைப்படும்.

எப்படி என்றால், கர்ப்பப்பையின் சிறு ரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்து நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக ரத்தம் விட வேண்டும். சிலருக்கு அவை சரியாக விரிவதில்லை. ரத்தம் பத்தாத நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கலந்துவிட, அவை உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதித்து பிரஷரை ஏற்றுகின்றன, இதுதான் ப்ரீஎக்ளாம்ப்சியா. பிரசவமானதும் பெரும்பாலும் பிரஷர் இறங்கிவிடும், எல்லோர் கவனமும் குழந்தை மேல் போய்விடும், அத்தோடு விஷயம் மறந்தும் போகும். ஆனால் இது வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. கர்ப்பம் குழாய்களைக் கெடுத்ததா, ஏற்கெனவே இருந்த பலவீனத்தைக் காட்டிக்கொடுத்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். நமக்கு எதுவானாலும் ஒன்றுதான், செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. பயந்து நடுங்கவும் வேண்டாம், இளம் வயதில் மாரடைப்பு அபூர்வம், அதனால் இரண்டு மடங்கு என்றாலும் சின்ன எண்ணிக்கைதான்.

பிரசவமான 3 முதல் 6 நாளுக்குள் பிரஷர் மறுபடி ஏறலாம், பலருக்கு இது தெரியாது. தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத்திணறல், அல்லது பிரஷரின் மேல் அளவு 160-ஓ அதற்கு மேலோ, கீழ் அளவு 110-ஓ அதற்கு மேலோ, இதில் ஒன்று இருந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சுமார் மூன்று மாதம் கழித்து பிரஷர், சுகர், யூரின் புரதம் மூன்றையும் பாருங்கள். கர்ப்பத்தில் கொலஸ்ட்ரால் இயல்பாகவே கூடும் என்பதால் அதற்கு அவசரப்பட வேண்டாம், டாக்டர் சொல்லும் நேரத்தில் பார்த்தால் போதும். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரஷர் பார்க்க வேண்டும். வீட்டில் பார்ப்பதானால் ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் பாருங்கள். நடை, எடை, உப்பு, புகை பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, உங்களுக்கு அது மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் முக்கியம், அவ்வளவுதான். கருத்தடை மாத்திரை கேட்கும்போது மட்டும் பிரஷர் இருந்ததை மறக்காமல் சொல்லுங்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்தவை பிரஷரை ஏற்றக்கூடும்.

அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்வதாக இருந்தால் கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். எனலாப்ரில், டெல்மிசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரைகள் கர்ப்பத்தில் ஆகாது, மாற்றியாக வேண்டும். 12-வது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்தால் ப்ரீஎக்ளாம்ப்சியா திரும்ப வரும் வாய்ப்பு குறைகிறது. 16 வாரத்துக்கு முன்பே தொடங்குவதுதான் நல்லது என்பதால் தள்ளிப் போடாமல் கேளுங்கள்.

எந்த டாக்டரிடம் போனாலும், சாதாரண காய்ச்சலுக்கே போனாலும், "கர்ப்பத்தில் எனக்கு ப்ரீஎக்ளாம்ப்சியா இருந்தது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள், பல இடங்களில் கேட்கவே மாட்டார்கள். நாற்பது வயதுக்கு மேல் நெஞ்சு அழுத்தமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ, காரணமில்லாத மூச்சு வாங்கலோ வந்தால் வாயு என்று விட்டுவிடாமல் இசிஜி எடுக்கச் சொல்லுங்கள், முன்பு எடுத்து வைத்த டிஸ்சார்ஜ் சம்மரி போட்டோவையும் காட்டுங்கள்.