முதியோர் கொடுமை வழக்கு: நீதிமன்றத்தில் எதை, யாரிடமிருந்து, எப்படி மறைப்பது

முதியவரைக் கொடுமைப்படுத்தியவர் பல வழக்குகளில் வீட்டு ஆளாகவோ கூடவே இருந்து பார்த்துக்கொண்டவராகவோ இருப்பார். பிறந்த தேதி, கையெழுத்து, பழைய வங்கிக் கணக்கு எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருக்குத் தெரியாதவை, முதியவர் இப்போது தங்கியிருக்கும் இடம், புதிய கணக்கு, புது மருத்துவர், உதவிக்கு வந்தவர் யார் என்பவைதான். ஆகவே மனு எழுதும் முன் இரண்டு பட்டியல் போடுங்கள்: ஊராருக்குத் தெரியக்கூடாதவை ஒன்று, எதிர்த்தரப்புக்கே தெரியக்கூடாதவை இன்னொன்று.

இரண்டுக்கும் கேட்க வேண்டிய உத்தரவு வேறு. ஆவணத்தை முத்திரையிட்டு வைக்கச் சொன்னால் பொதுமக்கள் பார்க்க முடியாது; எதிர்த்தரப்புக்கு நகல் போவது பொதுவாக நிற்காது. மூடிய அறை விசாரணையும் அப்படித்தான்: பார்வையாளர்கள் வெளியே போவார்கள், எதிர்த்தரப்பு உள்ளேயே இருக்கும். எதிர்த்தரப்பிடமிருந்தே மறைக்க வேண்டியதைத் தனியாகக் குறிப்பிட்டு, தனியாகக் காரணம் காட்டிக் கேட்க வேண்டும்.

முகவரியில் தொடங்குங்கள். நோட்டீஸ் பெறும் முகவரியாக வழக்கறிஞர் அலுவலகத்தையோ தபால் பெட்டியையோ கொடுங்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா உட்படப் பல மாநிலங்களில் இதற்கென்றே மாற்று முகவரித் திட்டம் உண்டு. மனுவில் முகவரியை மறைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கசிவது வேறு வழிகளில்: பிரமாணப் பத்திரத்தின் முதல் வரியில் வரும் ‘இன்ன இடத்தில் வசிக்கும்’, நோட்டரி முத்திரையில் இருக்கும் ஊர்ப் பெயர், மருத்துவச் சான்றின் தலைப்பு, தபால் உறை, கைபேசி எண். நோட்டரியை வேறு ஊரில் பார்ப்பது கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் பலன் உண்டு.

வரவு செலவு காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையில் கணக்கு எண்ணை மட்டும் மறைப்பது போதாது. பணம் எடுத்த ஏடிஎம், மருந்து வாங்கிய கடை ஆகிய வரிகளே புது இருப்பிடத்தைச் சொல்லிவிடும். வழக்குக்குத் தேவையான மாதங்களை மட்டும் இணையுங்கள்; தொகையைத் தொடாமல் இடத்தின் பெயரை மறைத்து, ‘பாதுகாப்புக்காக மறைக்கப்பட்டது’ என்று ஓரத்தில் எழுதுங்கள். மறைக்காத பிரதி முத்திரையிட்ட உறையில் நீதிபதிக்குப் போகட்டும். இல்லையென்றால் கணக்கைத் திருத்திவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு கிளம்பும். எண்களுக்கு நல்ல அளவுகோல் அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதி 5.2: கணக்கு எண்ணில் கடைசி 4 இலக்கம், பிறந்த தேதியில் ஆண்டு மட்டும் தெரியலாம். அங்கேகூட மறைக்கும் பொறுப்பு தாக்கல் செய்பவருடையது; நீதிமன்ற ஊழியர் சரிபார்த்துத் தரமாட்டார்.

பிடிஎஃப் கோப்பில் கறுப்புப் பெட்டி வரைவது மறைப்பே ஆகாது. கீழே எழுத்து அப்படியே இருக்கும். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் வந்துவிடும். அதற்கான கருவி இல்லையென்றால் அச்சிட்டு, அந்த இடத்தைக் கத்தரித்தோ ஒளி புகாத பட்டை ஒட்டியோ மறைத்து, அதை ஸ்கேன் செய்யுங்கள். வெறும் மார்க்கர் மை வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். காயத்தின் புகைப்படங்களில் எடுத்த இடத்தின் குறிப்பு பதிந்திருக்கலாம். அதைத் தாக்கல் செய்யும் பிரதியில் மட்டும் நீக்குங்கள்; மூலக்கோப்பு சாட்சியம், அதில் கை வைக்கக்கூடாது.

மறைக்கக் கோரும் மனுவில் ‘எல்லாவற்றையும் மூடுங்கள்’ என்று கேட்டால் தள்ளுபடி ஆக வாய்ப்பு அதிகம். எந்த ஆவணம், எந்தப் பக்கம், எந்த வரி, வெளியானால் என்ன ஆபத்து, பெயருக்குப் பதில் முதலெழுத்துப் போடுவது போன்ற சிறிய ஏற்பாடு ஏன் போதாது: இவ்வளவும் இருக்க வேண்டும். மறைக்க வேண்டிய தகவலையே அந்த மனுவில் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பிரதான மனுவோடு சேர்த்தே இதைக் கொடுங்கள். மின்தாக்கலில் ஒருமுறை ஏறியதை இறக்குவது பெரும்பாடு.

முதியவரின் நினைவாற்றலைக் கேள்வியாக்கி, மருத்துவக் கோப்பு முழுவதையும் எதிர்த்தரப்பு கேட்கும். ஒரேயடியாக மறுத்தால் நிற்காது. சம்பவம் நடந்த காலத்துக் குறிப்புகள் மட்டும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கண்ணுக்கு மட்டும், வழக்கு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனைகளைக் கேளுங்கள்.

சாட்சி சொல்லும்போது திரை, காணொளி இணைப்பு, அருகில் துணைக்கு ஒருவர் எனக் கேட்கலாம். இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டின் இளையோர் நீதி மற்றும் குற்றவியல் சாட்சியச் சட்டம், குற்றவழக்குச் சாட்சியின் அச்சத்தை எடைபோடும்போது வயதையும் பார்க்கச் சொல்கிறது. இந்தியாவில் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 16, இரு தரப்பில் ஒருவர் விரும்பி, சூழ்நிலையும் அதை வேண்டினால் மூடிய அறை விசாரணைக்கு இடம் தருகிறது. அச்சட்டம் மூதாட்டிகளுக்கும் பொருந்தும். காணொளியில் பின்னால் ஜன்னல் வேண்டாம், திரையில் தெரியும் பெயரில் கைபேசி எண்ணும் வேண்டாம்.

காப்பாளராகவோ முதியவர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம் வைத்திருப்பவராகவோ குற்றம் சாட்டப்பட்டவரே இருந்தால், மேலே சொன்னதெல்லாம் வீண். முதியவருக்குப் போக வேண்டிய தாள் எல்லாம் அவர் கைக்கே போகும். அப்படியானால் முதல் கோரிக்கை, முதியவருக்குத் தனிப் பிரதிநிதியை நியமித்து நோட்டீஸை அந்தப் பிரதிநிதிக்கு அனுப்பச் சொல்வதுதான்.

உத்தரவு கிடைத்ததும் வழக்குப் பட்டியலிலும் இணையத்தில் ஏறும் தீர்ப்பிலும் பெயர் எப்படி வருகிறது என்று பாருங்கள். முதலெழுத்து போதும் என்ற கோரிக்கையைத் தீர்ப்புக்கு முன்பே வைத்துவிடுங்கள்.