வேன் ஆனிங்குக்கு ராஃப்டர்: அளவெடுப்பதிலிருந்து மாட்டுவது வரை

கல்யாண வீட்டுச் சாமியானாவில் மழைத் தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டுத் தொங்கும். உடனே ஒரு மாமா கம்பை எடுத்து வந்து கீழேயிருந்து குத்துவார். மொத்தத் தண்ணீரும் அந்தப் பக்கம் பந்தியில் உட்கார்ந்திருப்பவர் இலையில் விழும். வேனின் பக்கவாட்டிலிருந்து வெளியே இழுத்து விரிக்கும் துணிப் பந்தலான ஆனிங்கிலும் இதே கதைதான். சாமியானா வாடகைக்கு வந்தது, ஆனிங் நம் காசு என்பது மட்டும்தான் வித்தியாசம்.

நாங்கள் இருப்பது பெங்களூர் அல்சூரில். பழைய டெம்போ டிராவலர் ஒன்றில் கட்டில், அடுப்பு எல்லாம் போட்டு கேரவனாக்கி வைத்திருக்கிறோம். அதன் பக்கவாட்டில் 3.5 மீட்டர் நீள ஆனிங். கைப்பிடியைச் சுற்றினால் பெட்டிக்குள்ளிருந்து 2.5 மீட்டர் வெளியே வரும். முதல் பயணத்திலேயே மே மாதச் சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் துணி நடுவே குளம் கட்டி, துணியைத் தாங்கும் இடது பக்கக் கம்பி வளைந்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் துணி 8.75 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழை என்றால் 175 லிட்டர். அதில் பாதி வழிந்து ஓடிவிட்டாலும் மிச்சம் கிட்டத்தட்ட 90 கிலோ. நல்ல ஆகிருதியான ஆள் ஒருவர் துணி மேல் படுத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தடுக்கத்தான் ராஃப்டர். ஓட்டு வீட்டில் கைமரம் என்போமே, ராஃப்டர் என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். ஆனால் வேலை வேறு. கைமரம் ஓட்டைச் சுமக்கும். ஆனிங் ராஃப்டர் எதையும் சுமப்பதற்கு இல்லை. வண்டியோரம் இருக்கும் பெட்டிக்கும் முன்பக்கக் கம்பிக்கும் நடுவே வில் மாதிரி நின்று, முன்கம்பியை வெளியே தள்ளித் துணியை விறைப்பாக வைத்திருக்கும். துணி விறைப்பாக, சரிவாக இருந்தால் தண்ணீருக்கு நிற்க இடம் கிடையாது. இது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் சுலபம்.

1. அளவு

ஆனிங்கை முழுக்க விரித்து, கால்களை இறக்கி நிற்க வையுங்கள். துணியின் மேல் டேப்பை ஓட்டாதீர்கள், தொய்வும் சேர்ந்து வந்துவிடும். துணிக்குக் கீழே, பெட்டியின் உள் விளிம்பிலிருந்து முன்கம்பியின் உள்பக்கப் பள்ளம் வரை டேப்பை இறுக்கிப் பிடித்து நேராக அளந்துகொள்ளுங்கள். ஒரு முனையில் இன்னொருவர் வேண்டும். இடது, நடு, வலது என மூன்று இடத்தில் எடுப்பது நல்லது.

அட்டைப்பெட்டியில் 2.5 மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பி வாங்கிய ஆள் நான். ஒரு கடைக்காரர், "எல்லா 2.5-க்கும் இது சேரும் சார்" என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தார். முழுக்க நீட்டிய பிறகும் நான்கு விரல் குறைந்தது. ராஃப்டர் உள்ளே வெளியே இழுக்கிற குழாய்தான், அதற்கும் ஓர் எல்லை உண்டு. உங்கள் அளவு அந்த எல்லையின் நடுவில் விழ வேண்டும், கடைசியில் விழக் கூடாது. நீட்டி முடித்த நிலையிலும் ஒரு குழாய் இன்னொன்றுக்குள் ஒரு சாணாவது இருக்கட்டும். இல்லையென்றால் அந்த இணைப்பில்தான் வளையும்.

2. எத்தனை, எந்த வகை

மூன்று, மூன்றரை மீட்டர் ஆனிங்குக்கு நடுவில் ஒன்று போதும். நான்கைத் தாண்டினால் இரண்டு போட்டு, துணியை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஃபியாமா, தூலி மாதிரியான கம்பெனிகள் தங்கள் ஆனிங்குக்கென்றே ராஃப்டர் விற்கிறார்கள். விலை கொஞ்சம் உறுத்தும். ஆனால் இரண்டு முனையிலும் இருக்கும் பிளாஸ்டிக் துண்டு அந்தப் பெட்டியின் விளிம்பிலும் முன்கம்பிப் பள்ளத்திலும் கச்சிதமாக உட்காரும், காசு அதற்குத்தான். வேறு கம்பெனியுடையதை வாங்குவதாக இருந்தால் முனையை உங்கள் ஆனிங்கில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பெட்டியில் சுருளாமல், கேரவன் விளிம்புப் பள்ளத்தில் துணியைக் கோத்து நிறுத்தும் கூடார வகை ஆனிங்கும் உண்டு. அதற்கான கூரைக் குழாய்கள் கூடவே வரும். நடுவில் கூடுதலாகச் செருகும் வளைந்த குழாய்க்கு இங்கிலாந்தில் வைத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? மான்சூன் போல்! பருவமழை நம்முடையது, பெயரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

குழாய் வாங்கி நாமே செய்துகொள்ளலாம் என்றால் எஸ்ஜேபி ரோடு பக்கம் போய்ப் பாருங்கள். தமிழிலேயே பேரம் பேசலாம். அலுமினியம் எடை குறைவு, துருப்பிடிக்காது. இரும்பு உறுதிதான், ஆனால் தலைக்கு மேல் தூக்கி மாட்டும்போது கை வலிக்கும், பெயின்ட் உரிந்தால் துணியில் துருக்கறை ஏறும். வயரிங்குக்குப் போடும் பிவிசி குழாய் வேண்டவே வேண்டாம். வெயிலில் தொய்ந்துவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம். 25 மில்லிமீட்டர் குழாய்க்குள் 22 மில்லிமீட்டர் குழாய் போக வேண்டும். வெளிக்குழாயின் கனம் 1.2 மில்லிமீட்டர் என்றால் உள்ளே 22.6 இடம் இருக்கும், வழுக்கிக்கொண்டு போகும். கனம் 1.5 என்றால் உள்ளே சரியாக 22. பாதியில் சிக்கி, சுத்தியல் கேட்கும். அதனால் கடையிலேயே ஒன்றை ஒன்றுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு அறுக்கச் சொல்லுங்கள். அறுத்த முனையை அரம் போட்டு மழித்து, ரப்பர் மூடி மாட்டுங்கள். மூடி கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினாலும் சரி. மொட்டைக் குழாய் ஒரே காற்றில் துணியைக் கிழித்துவிடும். அப்புறம், நேர்க்குழாய் துணியைத் தூக்கிக் கொடுக்காது. குழாய் வளைக்கும் பட்டறையில் கொடுத்து, நடுவில் நான்கு விரல் உயர்கிற மாதிரி வில்லாக வளைத்து வாங்குங்கள்.

3. மாட்டுவது

கால்கள் தரையில் உறுதியாக நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். துணியை முழு விறைப்புக்குக் கொண்டுபோகாமல் கைப்பிடியை அரைச் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். ராஃப்டரை உள்ளே தள்ளி, இருப்பதிலேயே குட்டையாக்குங்கள். வில்லின் முதுகு மேலே, துணியைப் பார்த்து இருக்கட்டும். நான் முதல் தடவை கவிழ்த்துப் பிடித்து மாட்டிவிட்டு, துணி ஏன் நிமிரவில்லை என்று கால் மணி நேரம் முழித்துக்கொண்டிருந்தேன்.

வண்டிப் பக்க முனையை முதலில் பெட்டி விளிம்பில் உட்கார வையுங்கள். பிறகு முன்முனையை நீட்டி, முன்கம்பிப் பள்ளத்தில் பதியுங்கள். ஒரு கை நடுக்குழாயில் இருக்கட்டும், விட்டால் மூக்கில் விழும். பூட்டைத் திருகிவிட்டு, ஸ்பிரிங்கோ மரையோ இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

எவ்வளவு இறுக்குவது? உள்ளங்கையால் துணியைக் கீழேயிருந்து தட்டிப் பாருங்கள். தவில் மாதிரி ஒலித்தால் அதிகம். கட்டிய கயிற்றுக் கட்டில் மாதிரி கொஞ்சம் கொடுத்து வாங்கினால் சரி. அடுத்து, ஆனிங்கின் ஓரத்தில் நின்று, ஆசாரி ஒரு கண்ணை மூடிப் பலகை பார்ப்பது போல முன்கம்பியை நீளவாக்கில் பாருங்கள். நடுவில் வெளிப்பக்கம் புடைத்திருந்தால் ராஃப்டர் அளவுக்கு மீறித் தள்ளுகிறது. உடனே தளர்த்துங்கள். அந்தக் கம்பி ஒருமுறை வளைந்தால் பெட்டி ஒழுங்காக மூடாது.

4. சரிவு

ராஃப்டர் மாட்டியும் எனக்குத் தண்ணீர் தேங்கியது. எங்கள் தெருவில் சாமியானா வாடகைக்கு விடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, துணிய இழுத்துக் கட்டிட்ட, சரி. தண்ணி எந்தப் பக்கம் போவணும்னு அதுக்கு யாரு சொல்றது?" என்றார். நான் இரண்டு காலையும் ஒரே உயரத்தில் நிறுத்தியிருந்தேன்.

முன்பக்கம் வண்டிப் பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அதோடு, முன்கால் இரண்டில் ஒன்றை இன்னும் ஒரு சாண் இறக்கிவிடுங்கள். கதவும் அடுப்பும் இல்லாத மூலையாகப் பார்த்து இறக்குங்கள். பிறகு ஸ்டூலில் ஏறி, துணியின் நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பெங்களூரில் இதற்கு நல்ல தண்ணீரைச் செலவழிக்க மனசு வராது, ஆர்ஓவில் கழியும் தண்ணீரைப் பிடித்து வைத்தால் போதும். ஊற்றியது நிற்காமல் தாழ்ந்த மூலைக்கு ஓடினால் வேலை முடிந்தது. ராஃப்டருக்குப் பக்கத்தில் ஒரு கை அகலத்துக்குத் தேங்கினாலும் மரையை இன்னும் ஒரு சுற்று ஏற்றுங்கள்.

5. காற்றும் கழற்றலும்

ராஃப்டர் மழைக்குத்தான் துணை. காற்று வந்தால் சுருட்டி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. காற்றுக்கு ஆனிங் ஒரு கப்பல் பாய். தூங்கப் போகும்போதும், வண்டியை விட்டு வெளியே போகும்போதும் நாங்கள் சுருட்டிவிடுகிறோம்.

சுருட்டும் முன் ராஃப்டரைக் கழற்ற வேண்டும். மறந்து கைப்பிடியைச் சுற்றினால் குழாய் வளையும், இல்லை துணி கிழியும். எங்கள் வீட்டில் கைப்பிடியிலேயே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறாள் மனைவி. ராஃப்டர் மேலே இருந்தால் ரிப்பன் கைப்பிடியில், கழற்றினால் ரிப்பன் ராஃப்டர் பைக்குள்.

ஈரத் துணியைச் சுருட்டியபடியே ஊருக்கு வர வேண்டியிருந்தால், வந்த அன்றே விரித்துக் காய வையுங்கள். இரண்டு நாள் விட்டால் பூஞ்சைப் புள்ளி விழும், தேய்த்தாலும் போகாது. ராஃப்டர் குழாய்களையும் தனித்தனியாக இழுத்து, சாய்த்து வைத்துவிடுங்கள். எங்களுடையதைக் கவிழ்த்தபோது ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு மண்புழுவும் வந்தன.